பெட்டி மேல் எழுதிய எண்

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடித்ததும் வரும் ஊர் சோளக்காடு. சந்தைக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் தம்பி எனக்காகக் காத்திருந்தான். நாமக்கல்லில் நான் லாரிப் பட்டறை நடத்தியபோது என்னிடம் நாலு வருஷம் வேலை பார்த்த பையன். இப்போது ஊரோடு வந்து அப்பாவின் காபி, மிளகுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பொலேரோ கேம்பர் ஒன்று வாங்கி, உள்காட்டு ஊர்களிலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்து சந்தையில் இறக்குகிறான். ஐப்பசி மழை முந்தின நாள்தான் விட்டிருந்தது. வண்டியின் பின்சக்கரங்களில் அப்பியிருந்த செம்மண் இன்னும் காயவில்லை.

டீ வருவதற்குள் போனை நீட்டினான். இரண்டு வின்ச் படங்கள். ஒன்றின் பெட்டியில் 9,500 என்று போட்டிருந்தது, இன்னொன்றில் 12,000.

"பெருசாவே வாங்கிடலாங்களாண்ணா? ஒரு தடவைதான வாங்கப் போறோம்."

நியாயமான கேள்வி. போன மாதம் மட்டும் அவன் வண்டி மூன்று தடவை சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தடவை ராத்திரி முழுக்க வாழைத்தாரோடு காட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு விடிந்த பிறகு டிராக்டர் வரவழைத்து இழுத்திருக்கிறான். டிராக்டர் வாடகை போக அந்த நடையில் கைக்கு ஒன்றும் நிற்கவில்லை. பெரிய எண்ணைப் பார்த்ததும் மனசு அதன் பக்கம் சாய்வது இயல்புதான். ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "டீயைக் குடி, நிதானமா பேசலாம்" என்றேன்.

வின்ச் என்ற சொல் நம்மில் பலருக்குப் பழனியில்தான் அறிமுகம். படியேற முடியாத பாட்டியைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருப்போம். 1966-ல் ஓடத் தொடங்கிய வின்ச் அது. மோட்டார் டிரம்மைச் சுற்றுகிறது, டிரம் ஒயர் ரோப்பைச் சுருட்டுகிறது, தண்டவாளத்தில் பெட்டி மேலே போகிறது. நம் பக்கத்தில் கிணறு வெட்டுகிறவர்கள் மண் தொட்டியை மேலே தூக்கும் கிரேனும் இதே வேலையைத்தான் செய்கிறது. வண்டியின் முன்னால் மாட்டுகிற வின்ச்சுக்கும் இவற்றுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். பழனியில் டிரம் அசையாது, பெட்டி நகர்கிறது. இங்கே டிரம்மே வண்டியோடு சேர்ந்து நகர்கிறது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மரம்தான் அசையாமல் நிற்க வேண்டும். அந்த மரத்தைப் பற்றிப் பிறகு நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

எண்ணுக்கு வருவோம். அது பவுண்டுக் கணக்கு. 9,500 பவுண்டு என்பது ஏறத்தாழ 4,300 கிலோ. 12,000 என்றால் 5,440 கிலோ. இந்த அளவு இழுப்பு கிடைப்பது கயிறு டிரம்மில் முதல் அடுக்கில் இருக்கும்போது மட்டும். வின்ச்சோடு வரும் புத்தகத்தில் இதைச் சின்ன எழுத்தில் ஓர் அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். பெட்டி மேல் முதல் வரி எண் மட்டும்தான் வரும்.

கடைக்காரரிடம் பார்சல் கட்டும் சணலைக் கேட்டு வாங்கி, என் பேனாவில் நெருக்கமாகச் சுற்றிக் காட்டினேன். ஓர் அடுக்கு முடிந்தது. அதன் மேலேயே இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. பேனா இப்போது கட்டைவிரல் பருமனுக்கு வந்துவிட்டது. "இப்ப சணல் நுனியை நீ இழுத்துப் பிடி, நான் பேனாவை முறுக்கறேன்." முறுக்கினேன். அவன் கை அசையவில்லை. சணலை உருவிவிட்டு முதல் அடுக்கு மட்டும் வைத்து முறுக்கினேன். அவன் கை என் பக்கம் வந்தது. என் விரலின் பலம் இரண்டு தடவையும் ஒன்றுதான்.

பட்டறையில் வேலை செய்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இறுகிப்போன நட்டைக் கழற்ற ஸ்பேனரில் பைப்பை மாட்டி நீட்டுகிறோம். கை பலம் அதே, தூரம் கூடுகிறது, நட்டுக்கு முறுக்கு கூடுகிறது. வின்ச்சில் இதுவே தலைகீழ். முறுக்கு மோட்டார் தருவது, அது மாறாது. அடுக்கு ஏற ஏறக் கயிறு டிரம்மின் நடுவிலிருந்து தள்ளிப் போகிறது. தள்ளிப் போகப் போக இழுப்பு குறைகிறது.

சணல் சுற்றியிருந்த காகிதத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டோம். டிரம் விட்டம் 64 மில்லிமீட்டர், ஒயர் ரோப் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் அடுக்கில் 4,300 கிலோ. இரண்டாவதில் 3,500. மூன்றாவதில் 2,980. நாலாவதில் 2,600-க்குப் பக்கம். நாலாவது அடுக்குக்கு வருவதற்குள் நாற்பது சதவீதம் காணாமல் போய்விட்டது. 12,000 பவுண்டு வின்ச்சும் இதே அளவு டிரம்மில் இருந்தால் நாலாவது அடுக்கில் 3,270 கிலோவுக்கு இறங்கிவிடும்.

அடுக்கு எப்போது மாறுகிறது என்பதுதான் முக்கியம். வழக்கமாக 28 மீட்டர் அளவுக்குக் கயிறு வரும். முதல் அடுக்கில் அடங்குவது ஆறு மீட்டர்தான். அதாவது வண்டிக்கும் மரத்துக்கும் நடுவில் 22 மீட்டர் கயிறு வெளியே இருந்தால்தான் பெட்டி மேல் எழுதிய எண் உனக்குச் சொந்தம். பத்து மீட்டரில் ஒரு மரம் நிற்கிறதே என்று அதில் மாட்டினால் மூன்றாம் அடுக்கில் ஆரம்பிக்கிறாய், வண்டி நகர நகர நாலாவதில் ஏறுகிறாய்.

"அப்ப எவ்வளவு இழுப்பு வேணும்னு எப்பிடிண்ணா தெரியும்?"

வண்டி மீட்பவர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. தார் ரோட்டில் நிற்கும் வண்டியை உருட்ட அதன் எடையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு போதும். புல்தரையில் ஏழில் ஒன்று. மேலோட்டமான சேற்றில் மூன்றில் ஒன்று. சதுப்பாகிவிட்டால் பாதி. மேடாக இருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் எடையில் அறுபதில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இது சக்கரம் மேலே நிற்கும் வரைக்குமான கணக்கு. சக்கரம் புதைந்துவிட்டால் வேறு. சேறு வண்டியை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்க ராணுவத்தின் மீட்புக் கையேடுகள் இதற்கு வைத்திருக்கும் அளவு எளிமையானது: சக்கரம் புதையும் அளவு போனால் வண்டியின் முழு எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும், மட்கார்டு வரைக்கும் போனால் இரண்டு மடங்கு.

தம்பியின் வண்டி ஆள், சரக்கோடு 2,700 கிலோ என்று வைத்துக்கொண்டோம். அவன் மாட்டிக்கொள்கிற இடம் பதினைந்து டிகிரிச் சரிவு. மேலோட்டமான சேறு என்றால் 900 கிலோ, சரிவுக்கு 675 கிலோ, மொத்தம் 1,575. எந்த வின்ச்சும் எந்த அடுக்கிலும் இழுத்துவிடும். சக்கரம் புதைந்தால்? 2,700-ம் 675-ம் சேர்த்து 3,375 கிலோ.

அந்த எண்ணை அவனே முன்னால் எழுதிய எண்களோடு வைத்துப் பார்த்தான். 9,500 வின்ச் முதல் இரண்டு அடுக்கில் இழுக்கும், மூன்றாவதில் திணறும். 12,000 வின்ச்கூட நாலாவது அடுக்கில் 3,270-தான், அதுவும் நின்றுவிடும்.

"பெருசு வாங்குனாலும் நிக்குமா!"

நிற்கும். மரம் பக்கத்தில் இருந்தால் நிற்கும். பெரியதை வாங்குவதால் தீராத இந்தச் சங்கடத்தை ஓர் உருளை தீர்த்துவிடும். கடைகளில் ஸ்னாட்ச் பிளாக் என்பார்கள். நமக்குக் கப்பி. பக்கத் தகடு திறந்து, கயிற்றை நடுவில் வைத்து மூடிக்கொள்ளலாம். கிணற்றில் தண்ணீர் சேந்திய காலத்துக் கப்பிக்கும் இதற்கும் உறவு உண்டு. ஆனால் கிணற்றுக் கப்பி கயிற்றின் திசையைத் திருப்புவதோடு சரி. இங்கே கப்பியை மரத்தில் கட்டி, வின்ச் கயிற்றை அதன் வழியாகத் திருப்பி, கொக்கியை மறுபடி வண்டியிலேயே மாட்டுகிறோம். இப்போது வண்டியை இரண்டு கயிறுகள் இழுக்கின்றன. இழுப்பு இரட்டிப்பு, வேகம் பாதி.

இதில் இரண்டாவது லாபம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கயிறு போய்த் திரும்புவதால் டிரம்மிலிருந்து இரண்டு மடங்கு நீளம் வெளியே வந்துவிடுகிறது. அதே பத்து மீட்டர் மரத்தில் கப்பி போட்டால் இருபது மீட்டர் வெளியே, எட்டு மீட்டர் டிரம்மில். மூன்றாம் அடுக்கில் இருந்தவன் இரண்டாம் அடுக்குக்கு இறங்கிவிட்டாய். 3,500-ஐ இரண்டால் பெருக்கு, கப்பி உராய்வுக்குப் பத்து சதவீதம் கழி: 6,300 கிலோ. சின்ன வின்ச்சும் ஒரு கப்பியும் சேர்ந்து பெரிய வின்ச்சைத் தாண்டிவிட்டன. மட்கார்டு வரை புதைந்தால் வேண்டியிருக்கும் ஆறு டன்னுக்கும் இதுவே போதும்.

வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுப்புள்ள வின்ச் எடுப்பது என்பது இந்தத் தொழிலில் பொதுவழக்கு. சரக்கில்லாத எடை அல்ல, ஆர்.சி.யில் இருக்கும் முழுச் சுமை எடை. 2,700-க்கு 4,050 வருகிறது. 9,500 பொருந்துகிறது. ஒன்றரை டன் ஜிம்னி வைத்திருப்பவருக்கு 6,000 பவுண்டு தாராளம். தேவைக்கு மேல் பெரிய வின்ச் என்றால் முன் ஸ்பிரிங்கில் பாரம் கூடும், பேட்டரியிலிருந்து மின்சாரம் கூடுதலாக உறிஞ்சும், சேஸிஸில் அதைப் பிடித்திருக்கும் தகடும் போல்ட்டும் அதற்கேற்பத் தடிக்க வேண்டும். அந்தப் பணத்தில் கப்பி, பெல்ட், நல்ல கேபிள் எல்லாம் வாங்கிவிடலாம்.

இரண்டாவது டீ வந்தது. மின்சாரக் கணக்கைத் தோட்டத்து மோட்டாரிலிருந்து ஆரம்பித்தேன். இந்த அளவு வின்ச்சில் மோட்டார் ஐந்தரை குதிரைத்திறன் வரும். கிணற்றில் ஓடுகிற 5 எச்.பி. மோட்டாரை அவனுக்குத் தெரியும். அது மும்முனை மின்சாரத்தில், 415 வோல்ட்டில் ஓடுவதால் ஏழெட்டு ஆம்பியர் போதும். அதே வேலையை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் முழு இழுப்பில் 400 ஆம்பியர் வேண்டும். வண்டியின் ஆல்டர்னேட்டர் தருவது பொதுவாக நூறு ஆம்பியர் சுற்றுவட்டாரம். மீதி முந்நூறும் பேட்டரி கொடுப்பதுதான். அதனால் வின்ச் இழுக்கும்போது என்ஜின் ஓட வேண்டும், சும்மா ஓடும் வேகத்தைவிடக் கொஞ்சம் ஏற்றி. பேட்டரி பழையதாக இருந்தால் வின்ச் வாங்குவதற்கு முன் அதை மாற்ற வேண்டும். கேபிள் வெல்டிங் மெஷினுக்குப் போடுகிற தடிமனில், பேட்டரியிலிருந்து நேராக. நடுவில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். கேபிள் எங்காவது தகட்டில் உரசித் தோல் கிழிந்தால் 400 ஆம்பியர் வண்டியைக் கொளுத்திவிடும். உரசுகிற இடமெல்லாம் ரப்பர் பைப் போட்டு மூட வேண்டும்.

மோட்டாரில் இரண்டு ஜாதி. நிரந்தரக் காந்தம் வைத்தது ஒன்று. மின்சாரம் குறைவாக எடுக்கும், ஆனால் சீக்கிரம் சூடாகி ஓய்ந்துவிடும். காந்தத்துக்குப் பதில் கம்பிச் சுருளே வைத்த சீரீஸ் மோட்டார் இன்னொன்று. மின்சாரம் கூடுதலாக எடுக்கும், கனமான இழுப்பைத் தாங்கும். எப்போதாவது ஒரு தடவை என்றால் முதலாவது போதும். மழைக்காலம் முழுக்கச் சேற்றில் வேலை இருப்பவருக்கு சீரீஸ்தான். எதுவானாலும் ஒரு நிமிடம் இழுத்தால் ஓய்வு கொடுக்க வேண்டும். மோட்டார் மேல் கையை வைத்துப் பார், வைத்தபடி இருக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு உட்கார். முழுப் பாரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேலேதான் வரும் என்பதால் அவசரக்காரருக்கு இது ஒத்துவராத வேலை.

பவர் ஸ்டீயரிங் பம்பிலிருந்து எண்ணெய் எடுத்து ஓடும் ஹைட்ராலிக் வின்ச் இருக்கிறதே என்று கேட்டான். இருக்கிறது, சூடாகாமல் நாள் முழுக்க இழுக்கும், ரிக் வண்டி ஊரான திருச்செங்கோடு பக்கத்திலேயே இருப்பதால் ஹைட்ராலிக் வேலை தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் என்ஜின் நின்றால் அதுவும் நின்றது. ஒற்றை வண்டிக்கு மின்சார வின்ச்சே போதும் என்பது என் அபிப்பிராயம்.

கயிறு விஷயத்தில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு.

இரண்டு வகை. எஃகு ஒயர் ரோப். பாறையில் உரசினாலும் தாங்கும், வெயிலைப் பொருட்படுத்தாது. இன்னொன்று டைனீமா என்ற பெயரில் தெரியும் செயற்கை இழைக் கயிறு. அதே பலத்துக்கு எடை ஐந்தில் ஒரு பங்கு, தண்ணீரில் மிதக்கும், கையில் குத்தாது. கொல்லிமலைப் பாறைக்கு எஃகுதான் சரி என்று பலரும் சொல்வார்கள். பாறையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது உண்மை.

வருஷங்களுக்கு முன்னால் ஒரு மலைப்பாதையில் நான் பார்த்தது வேறு. சரக்கு வண்டி ஒன்றை ஒயர் ரோப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தோம். ரோப்பில் அங்கங்கே முள் எழுந்திருந்தது. உள்கம்பிகள் அறுந்து நுனி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் முள் என்போம். துணியால் வழித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. சுற்றிலும் ஊர்ச் சனம். வண்டி மாட்டிக்கொண்டால் நம் ஊரில் இருபது பேர் கூடுவார்கள், அதில் எட்டு பேர் பிள்ளைகள். ஒரு கிழவனார் அதட்டிப் பிள்ளைகளை மேட்டுக்கு விரட்டிய சிறிது நேரத்தில் ரோப் அறுந்தது. சத்தம் கேட்டதுதான் தெரியும். பிள்ளைகள் நின்ற இடத்துக்குப் பக்கத்து மரத்தில் இடுப்பு உயரத்துக்குப் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெள்ளை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

இழுபடும் எஃகு தன் கனத்தோடு சேர்த்து விசையைத் தேக்கி வைத்திருக்கிறது. அறுந்தால் அத்தனையும் சாட்டையாக வரும். இழைக் கயிறும் அறுந்தால் வேகமாகத் திரும்பும்தான், ஆனால் எடை இல்லாததால் அந்த வெட்டு இல்லை. கூட்டம் கூடுகிற ஊருக்கு இழைக் கயிறு என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். பாறை விளிம்பில் படுகிற இடத்துக்கு உறை போட்டுக்கொள்ளலாம். செம்மண் உள்ளே புகுந்து இழையை அரிக்கும் என்பதால் மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை முழுசாக உருவி பக்கெட் தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். வெயிலுக்கு டிரம் மேல் ஒரு மூடி. கயிறு வெளியே வரும் வாயும் மாற வேண்டும்: எஃகுக்கு உருளை வைத்தது, இழைக் கயிற்றுக்கு வழவழப்பான அலுமினிய வாய். எஃகு ரோப் அரித்த உருளையிலேயே இழைக் கயிற்றை ஓட்டினால் ஒரே மழைக்காலத்தில் பிசிர் பிசிராகிவிடும்.

மலைக்காரர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. இப்போது வருகிற வின்ச்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. கயிற்றைச் சுருட்டும்போது பிரச்சினை இல்லை. வண்டியைச் சரிவில் கயிற்றில் தொங்கவிட்டு மெதுவாக இறக்கினால் அந்த பிரேக் உரசி டிரம்மைச் சுட வைக்கும். இழைக் கயிறு எழுபது டிகிரிக்கு மேல் பலம் இழக்கத் தொடங்கும், 150-ஐ நெருங்கினால் உருகிவிடும். முதல் அடுக்கு அந்தச் சூட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. வார்ன் நிறுவனம் 1974-ல் கொண்டுவந்த 8274 என்ற பழைய மாடலில் பிரேக் டிரம்முக்கு வெளியே இருக்கும். இன்றும் பந்தயக்காரர்கள் அதைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம். நமக்கு அது தேவையில்லை. வின்ச்சில் வண்டியை இறக்கும் வேலை வந்தால் இரண்டு மீட்டர் விட்டு நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி விட வேண்டும்.

கயிறு எதுவானாலும் நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைத் தொங்கவிடுவது, தோல் கையுறை, கயிற்றைத் தாண்டி நடக்காமல் இருப்பது, டிரம்மில் எஃகுக்கு ஐந்து சுற்று, இழைக்குப் பத்து சுற்று எப்போதும் மீதி வைப்பது, இவையெல்லாம் உண்டு. கயிற்று முனையை டிரம்மில் பிடித்திருக்கும் திருகு பாரம் தாங்காது, அந்தச் சுற்றுகளின் பிடிதான் தாங்குகிறது. கிணற்று கிரேனில் கழித்துப்போட்ட ரோப்பை இதற்குக் கொண்டுவரவே கூடாது. அது ஏன் கழிக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

அடுத்து மாட்டும் இடம். நாலு டன் இழுப்பு பம்பரில் விழக் கூடாது, சேஸிஸ் சட்டத்தில் விழ வேண்டும். பெரிய இரும்பு பம்பர் ஒன்று அடித்து அதில் வின்ச்சை உட்கார வைப்பது நாமக்கல்லில் ஒரு நாள் வேலை. ஆனால் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே கிராஷ் கார்டு, புல் பார் எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அந்த இரும்பு மோதுகிற விசையை நேராக சேஸிஸுக்குக் கடத்துகிறது. குறுக்கே வரும் பாதசாரிக்கும் அது எமன். ஆகவே கம்பெனி பம்பரை அப்படியே வைத்து, அதன் பின்னால் இரண்டு சேஸிஸ் சட்டத்தையும் இணைத்துக் குறுக்கே ஒரு தகடு, அதில் வின்ச். வேலையைத் தொடங்குவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வின்ச்சின் கால் துளைகள் பெரும்பாலும் 254-க்கு 114.3 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அந்த அளவிலேயே தகட்டில் துளை போட்டால் நாளைக்கு வேறு கம்பெனி வின்ச்சும் உட்காரும். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். எழுத்தில்லாத போல்ட் வேண்டாம்.

இனி மரம்.

நம் மலையில் வின்ச் கட்டத் தோதாக ரோட்டோரமெங்கும் நிற்பது சில்வர் ஓக். நேராக, பருமனாக, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பெல்ட்டைச் சுற்றி மூன்று டன் இழுத்தால் மரத்துக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், கொடி நசுங்கிவிடும். ஒரு கொடி காய்ப்புக்கு வர மூன்று நாலு வருஷம் ஆகிறது. அது யாரோ ஒருவருடைய பள்ளிக்கூடச் செலவு. தம்பி மிளகுக்காரன், அவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வண்டி ஓட்டிப் பழக வருகிறவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். கொடி ஏறாத வயசான பலா, இல்லையென்றால் பாதி புதைந்த பெரும்பாறை. மரத்தில் ஒருபோதும் கயிற்றை நேரடியாகச் சுற்றக் கூடாது, பட்டையை அறுத்துவிடும். மூன்று அங்குல அகலத்துக்குக் குறையாத பாலியெஸ்டர் பெல்ட், வேரை ஒட்டித் தாழ்வாக. பெல்ட்டில் கப்பியை மாட்ட 4¾ டன் என்று பொறித்த ஷேக்கிள். கப்பி போட்டு இழுக்கும்போது வண்டிக்குக் கிடைக்கும் அத்தனை இழுப்பும் இந்தப் பெல்ட்டிலும் மரத்திலும்தான் விழுகிறது என்பதை மறக்கக் கூடாது. மரமே இல்லாத இடத்தில் ஸ்டெப்னியை ஆழமாகப் புதைத்து அதைக் கட்டி இழுப்பது உண்டு. உழைப்பு அதிகம், ஆனால் நடக்கும்.

"இவ்வளவும் இருந்தா மம்பட்டி வேண்டாங்களாண்ணா?"

மம்பட்டிதான் முதலில். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சேற்றை வெட்டி எடுத்து, புதைந்த சக்கரத்துக்கு ஒரு சாய்வு கொடுத்தால் 3,375 கிலோ கணக்கு 1,575-ஐப் பார்த்து இறங்க ஆரம்பிக்கும். டயர் காற்றை 35-லிருந்து இருபது அளவுக்குக் குறைத்தால் பாதி நேரம் வின்ச்சே தேவைப்படாது. தார் ரோட்டுக்கு வந்ததும் அடித்துக்கொள்ள ஒரு சின்ன கம்ப்ரஸர் வேண்டும். அது இல்லாமல் குறைந்த காற்றோடு எழுபது வளைவு இறங்கக் கூடாது.

பேச்சு முடிந்து அவன் மாட்டிக்கொள்கிற இடத்தைப் பார்க்கப் போனோம். சந்தையிலிருந்து இரண்டு கிலோமீட்டர், மண் பாதை, ஒரு பக்கம் காபிச் செடி. சரிவின் நடுவில் இரண்டு சக்கரத் தடமும் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்தன, அடியில் தண்ணீர். பாதையின் இரு பக்கமும் சில்வர் ஓக், எல்லாவற்றிலும் கொடி. மேலே திருப்பத்தில் ஒரு பலா மட்டும் வெற்று மரமாக நின்றது. என் பேனாவில் சுற்றியிருந்த சணலைத் தம்பி உருவி, குழியிலிருந்து பலாவரைக்கும் பிடித்து முழம் போட்டு அளந்தான். பதினாலு மீட்டர்.

கப்பி போட்டால் போக வர 28. கயிறே 28 மீட்டர்தான், அதில் பத்துச் சுற்று டிரம்மில் மீதி வைக்க வேண்டும், கையில் நிற்பது 25. மூன்று மீட்டர் துண்டு விழுகிறது. நேராக மாட்டினால் பதினாலு மீட்டர்தான் வெளியே, மூன்றாம் அடுக்கு, இழுப்பு போதாது. அவன் சணலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பலாவையே பார்த்தான். பிறகு மரத்திலிருந்து மூன்று மீட்டர் கீழே வந்து, அங்கே கப்பி தொங்குவது போலக் கையை நீட்டி நின்றான்.

"இங்க வரைக்கும் பெல்ட் போட்டு, பெல்ட் நுனியில கப்பி. பதினொண்ணும் பதினொண்ணும் இருவத்திரெண்டு. சரிங்களாண்ணா?"

சரி என்றேன். காகிதத்தில் 12,000 என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதற்குக் கீழே "மூணு மீட்டர் பெல்ட், ஒண்ணு" என்று எழுதிக்கொண்டான்.